ஷாபியா சந்தையில கடைசி ஆள்

நான்தான். நான்தான் கடைசி. நீங்க எனக்கு அடுத்த ஆளு. வந்ததும் கேட்டீங்க பாருங்க, யாரு கடைசின்னு, அதெல்லாம் சரியாத்தான் பண்றீங்க. ஆனா கேட்டுட்டு எதுக்கு தம்பி என் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க? இங்க வரிசையே கெடையாது. உங்களுக்கு முன்னாடி யாருன்னு மொகத்த மட்டும் மனசுல வச்சுக்கணும். அப்புறம் நீங்க எங்க வேணா நிக்கலாம், நெழல்ல உக்காரலாம், ஒரு காபி குடிச்சிட்டுக் கூட வரலாம். அடுத்தவங்க வந்து யாரு கடைசின்னு கேக்கிறப்ப மட்டும் நான்னு சொல்லணும். சொல்லாம நழுவிட்டீங்கன்னு வைங்க, தீந்துச்சு. போன வாரம் பாலாடைக்கட்டி கடையில ஒருத்தன் அப்படி நழுவினதுல ரெண்டு பெரிய மனுஷிங்க சக்கரப் பையால முட்டிக்கிட்டாங்க. ஒருத்திக்கு முட்டியில பிளாஸ்திரி.

எந்த ஊரு நீங்க? ஹாலந்தா. அதான் இவ்வளவு ஒசரம். எங்க பாஷை நல்லாத்தான் பேசுறீங்க. கொஞ்சம் மெதுவா வருது, பரவாயில்ல, நான் வேகமாப் பேசுவேன், ரெண்டும் சேந்து சரியாப் போயிரும். என் பேரு ஒப்துலியா. எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க, எனக்கு முன்னாடி நீங்க போயிருங்க. ஏன்னு கேக்கிறீங்களா? எனக்கு அவசரம் இல்ல, அவ்வளவுதான். என்னது, முறைன்னா முறைதானா? நல்ல ஆளு போங்க. எங்க ஊர்க்காரன்கிட்ட ஒரு எடம் விட்டுக்குடுத்தா மூணு எடம் தாண்டிப் போய் நிப்பான். சரி, அப்ப நீங்களும் என்கூடச் சேந்து காத்துக் கெடக்க வேண்டியதுதான். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது.

எனக்கு முன்னாடி யாருன்னா, அந்தா, நாயக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கிறாளே, மருந்துக் கடைக்காரன் பொண்டாட்டி ஃபீனா. கால் கிலோ கருவாடு வாங்க அரை மணி நேரம் பேசுவா. பேசட்டும். நல்லாப் பேசட்டும். நீங்க இப்படி இந்தத் துணிக்கடைப் பக்கமா வாங்க, அந்த மேசை விரிப்பு தொங்குது பாருங்க, அதுக்குப் பின்னாடி. வெயிலுக்குத்தான். வெயிலுக்கு மட்டுமில்ல, சரி, இருங்க, ஒரு நிமிஷம் அந்த ஆலிவ் கடைக்குப் போயிட்டு ஓடி வந்துடுறேன். யாராவது கேட்டா நீங்கதான் கடைசி, என்னைய உங்களுக்கு முன்னாடின்னு சொல்லுங்க. மறந்துராதீங்க.

வந்துட்டேன். யாராவது வந்தாங்களா? அந்த பெல்ஜியம் புருஷன் பொண்டாட்டியா? நல்லதாப் போச்சு, அவங்கள நமக்கு முன்னாடி போகச் சொல்லிரலாம். இந்தாங்க, ஒண்ணு வாயில போடுங்க, நசுக்கின ஆலிவ், கொஞ்சம் கசக்கும், அதுதான் ருசி. கொட்டையக் கீழ துப்பிக்கங்க, எல்லாரும் அங்கதான் துப்புறாங்க. என்ன பையப் பாக்கிறீங்க? வெங்காயம். மூணு கிலோ. ஆமா, ஒத்த ஆளுதான் வீட்டுல. அதுக்கு அடியில நாலு சோடி சாக்ஸ், ஒரு கீரைக் கட்டு, நேத்து தெவுலாதா சந்தையில வாங்கின ஒரு தோசைக்கல் மாதிரி சட்டி. அதுக்கு முந்தின நாள் அல்தேயா. திங்கக்கிழமை டேனியா. இங்க வியாழக்கிழமை. ஆறு வாரமா இப்படி பஸ் புடிச்சு சந்தை சந்தையாச் சுத்துறேன். போற எடத்துல சும்மா நிக்க முடியுமா, எதையாவது வாங்கித்தானே ஆகணும். வீட்டுல எலுமிச்சம்பழம் மட்டும் ஒரு கூடை அழுகுது.

எல்லாச் சந்தைக்கும் வர்ற கடை இதுதான் தம்பி. இந்தக் கருவாட்டுக் கடை. ஃபீனா திரும்பி என்னையப் பாத்துப் புருவத்தத் தூக்குறா பாருங்க. இன்னைக்காவது பேசுவியான்னு கேக்கிறா. அவளுக்குத் தெரியும். இந்தச் சந்தையில உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும். அதனால நீங்களும் தெரிஞ்சுக்கங்க. கடைக்குள்ள பச்சை ஏப்ரன் கட்டிக்கிட்டு, கொண்டை போட்டு, சூரைக் கருவாட்ட வெத்தல கணக்கா மெலிசா சீவுறாளே, அவ என் மக. மிரேயா. ஒம்பது வருஷமாப் பேச்சு இல்ல. அவகிட்ட எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லணும், நீளமாக் கூட இல்ல, ஒரு மூச்சுல சொல்லிரலாம். ஆறு வாரமா வர்றேன், எனக்கு முறை வர்றப்ப இன்னொருத்தர உள்ள விட்டுடுறேன். கடைசியில சந்தை முடிஞ்சு கூட்டுறவங்க வந்துர்றாங்க. நான் பஸ் ஏறிடுறேன்.

அவளுக்குத் தெரியாமலா? நல்லாத் தெரியும். முதல் வாரமே பாத்துட்டா. தலைய நிமித்தாம, அடுத்தது யாருன்னு மட்டும் கேப்பா. நான் பக்கத்துல நிக்கிறவங்கள நெட்டித் தள்ளுவேன். அவ அவங்களுக்குச் சீவிக் குடுப்பா. கையப் பாருங்க அவளுக்கு, எவ்வளவு வேகம். நான் சொல்லிக் குடுத்தது. கத்திய இழுக்கக் கூடாது, சாய்க்கணும்.

வாங்கம்மா, நான்தான், இல்ல, இவருதான் கடைசி. ஆனா நீங்க எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே போங்க. அட போங்க, கையில கொழந்த இருக்குல்ல. தம்பி, உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே? கேட்டீங்களா, இல்லைங்கிறாரு. ஹாலந்துக்காரரு.

எங்க விட்டேன்? ம், எதுத்தாப்ல பாருங்க. செல்போன் உறை விக்கிறானே ஒருத்தன், மஞ்சக் குடை. அது எங்க எடம். முப்பத்தொரு வருஷம் அங்கதான் நின்னோம், நானும் என் வீட்டுக்காரரும். அவரு பேரு சென்தோ, சொன்னா இந்தக் கடற்கரை பூரா, டேனியாவுல இருந்து கால்ப் வரைக்கும் தெரியும். சூரைக் கருவாடு, மீன் சினை, நெத்திலி, எல்லாம் வச்சிருந்தோம். மிரேயா எங்ககூடத்தான் நின்னா, பதினாறு வயசுல இருந்து. அவளுக்கு நெறைய யோசனை. காத்து உறிஞ்சின பையில அடைச்சு விக்கலாம்பா, வெளிநாட்டுக்காரங்களுக்குத் துண்டு போட்டு ருசி காட்டலாம்பா. சென்தோ சிரிப்பாரு. மோந்து பாத்து வாங்குறவன் வாங்கட்டும், பையில போட்டா என்னத்த மோப்பான்னு கேப்பாரு. சிரிச்சுச் சிரிச்சே அவள வெளிய அனுப்பிட்டோம். அவ தனியா விண்ணப்பம் போட்டா. காலி எடத்துக்கெல்லாம் நகராட்சி ஆபீஸ்ல சீட்டுப் போட்டு எடுப்பாங்க. அவ கை வச்ச சீட்டு எதுத்த எடம். வேணும்னு பண்ணல. சீட்டு அப்படி விழுந்துச்சு.

அதுக்காகவா சண்டைன்னு கேக்கிறீங்க. அதுக்காக இல்ல. வாங்க ஆளு கொறைஞ்சதுக்காகவும் இல்ல, சத்தியமா. நீங்க கடையில நின்னிருக்கீங்களா என்னைக்காவது? இஞ்சினியரா, அப்ப தெரியாது. நம்ம சனம், நம்ம தெருக்காரங்க, என் கையால கருவாடு வாங்கித் தின்னே வளந்தவங்க, அவ கடை முன்னாடி வந்து யாரு கடைசின்னு கேப்பாங்க. கேட்டுட்டு நிப்பாங்க. எங்க கடையில இருந்து பாத்தா எனக்கு என்ன தெரியும்னு நெனைக்கிறீங்க? முதுகு. காலையில எட்டு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் வெறும் முதுகு. ஃபீனா முதுகு, பாதிரியார் தங்கச்சி முதுகு, என் கூடப் படிச்சவ முதுகு. ஒருத்தி கூடத் திரும்பி ஒப்துலியா எப்படி இருக்கேன்னு கேக்கல. வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் திரும்பல, இப்பத் தெரியுது. அப்பத் தெரியல.

கொழந்தைக்காரி வாங்கிட்டாளா? இன்னும் இல்லையா. ஃபீனா நகந்துட்டா. அய்யோ, ஃபீனா நகந்துட்டா. இருங்க, நான் போய் அந்தத் தக்காளியப் பாத்துட்டு வந்துடுறேன். வேணாமா? என் கையப் புடிக்காதீங்க தம்பி, ஓடிப்போகல. சரி. நிக்கிறேன். நின்னுட்டேன்.

பேய்க்கணவாய் தின்னுருக்கீங்களா? எட்டுக் காலோட, காய வச்சு, தணல்ல வாட்டி, எலுமிச்ச புழிஞ்சு. டேனியாப் பக்கம் அது இல்லாம ஒரு விருந்து கெடையாது. மேலக்காத்து அடிக்கிறப்ப நாணல் குச்சியில விரிச்சுக் கட்டி மொட்டமாடியில தொங்க விடணும், ரெண்டே நாள்ல காகிதம் மாதிரி ஆயிரும். சட்டப்படி அப்படிக் காய வச்சு விக்கக் கூடாது. சான்று வேணும், குளிர்பெட்டி வேணும், சீட்டு ஒட்டணும். எல்லாரும் மாடியிலதான் காய வைப்போம். நாங்களும் வச்சோம். யாரும் யாரையும் காட்டிக் குடுக்கிறதில்ல, ஏன்னா எல்லார் மாடியிலயும் எட்டுக் காலு தொங்குது. மிரேயா செத்துப் போன என் அக்கா வீட்டு மாடியில காய வச்சா. கலங்கரை வெளக்கப் பாதையில தனி வீடு. அங்க காய வைக்கிறான்னு எங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

ஒம்பது வருஷத்துக்கு முந்தி, ஆகஸ்ட்ல, இதே எடத்துல, சந்தை நெறைஞ்சு வழியுது, ரெண்டு அதிகாரிங்க வந்தாங்க. நேரா அவ கடைக்கு. ஒரு மொட்டக் கடுதாசி வந்திருக்குன்னு சொல்லிட்டு, நாப்பது காஞ்ச கணவாய எடுத்து, எல்லாரும் பாக்க ஒரு தொட்டியில போட்டு நீல மருந்த ஊத்திட்டாங்க. யாரும் தின்னுறக் கூடாதாம். எட்டு மாசம் கடை போடக் கூடாதுன்னு காகிதம் குடுத்தாங்க. அவ அப்ப அஞ்சு மாசம். வயித்தப் புடிச்சுக்கிட்டு அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல நின்னா. அழல. கடுதாசியக் காட்டுங்கன்னா. அவன் காட்டல, ஆனா படிச்சான். கலங்கரை வெளக்கப் பாதை, கடைசி வீடு, மேக்குப் பாத்த மாடி, ஆறு நாணல் குச்சின்னு படிச்சான்.

ஆறு குச்சின்னு கேட்டதும் அவ திரும்பிட்டா. வேற யாருக்குத் தெரியும் அது? நேரா எங்க கடைக்கு வந்து, அவங்க அப்பா மொகத்தப் பாத்து, நீயான்னு கேட்டா. சென்தோ கையில கத்தி இருந்துச்சு. அதக் கீழ வச்சிட்டு, ஆமா, நான்தான்னாரு.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒம்பது வருஷம். எட்டு மாசம் கழிச்சு அவ திரும்பி வந்து அதே எடத்துல கடையப் போட்டா. பேத்தி அந்த மேசைக்கு அடியில தவழ்ந்தா, அப்புறம் நடந்தா, பல்லு விழுந்து மொளச்சுச்சு. சென்தோ கருவாடு சீவுறாப்ல பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு தடவ வெரலச் சீவிக்கிட்டாரு, மூணு தையல். புள்ள பேரு என்னன்னு ஃபீனாகிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. பிப்ரவரியில போயிட்டாரு. நுரையீரல். ஒரு வியாழக்கிழமைதான் அடக்கம். அவ அன்னைக்கும் இங்க கடையத் தொறந்திருந்தா. கோயில் மணி இங்க கேக்கும், நல்லாவே கேக்கும். அவ சீவிக்கிட்டு இருந்தாளாம்.

சந்தை முழுக்க அவளக் கரிச்சுக் கொட்டுச்சு. பெத்த அப்பன் சாவுக்கு வராதவ, கல்லு நெஞ்சுன்னு. துக்கம் கேக்க வந்தவங்க எல்லாரும் என் கையப் புடிச்சுக்கிட்டு அதையேதான் சொன்னாங்க. நான் தலையத் தலைய ஆட்டினேன். ஆமா ஆமான்னு ஆட்டினேன் தம்பி.

என்னது? நீங்களும் அதையேதான் நெனைக்கிறீங்களா? ஒரு அப்பா எப்படி அப்படிச் செய்வாருன்னா? அதான, எப்படிச் செய்வாரு. சென்தோவுக்கு எழுதவே கஷ்டம், பேரு போடுறதுக்கே நாக்கக் கடிச்சுக்குவாரு. அந்தக் கடுதாசி முழுக்கப் பெரிய எழுத்துல, கட்டம் போட்ட தாள்ல எழுதினது. தபால்ல போட்டா முத்திரை விழும்னு நகராட்சி ஆபீஸ் கதவுக்கடியில தள்ளிட்டு, திரும்பி வர்ற வழியில சாயங்காலச் சமையலுக்கு அரைக் கிலோ தக்காளி வாங்கினேன்.

ஆமா. நான்தான் எழுதினேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெயில் உங்க மேல படுது.

என்ன நெனச்சேன்னா, ஒரு எச்சரிக்கை பண்ணுவாங்க, அவ கடைய மூடிட்டு எங்ககிட்ட வந்துருவான்னு நெனச்சேன். முதுகெல்லாம் திரும்பிரும்னு நெனச்சேன். தொட்டி, மருந்து, எட்டு மாசம், அதெல்லாம் யாருக்குத் தெரியும். அவ வந்து நீயான்னு கேட்டப்ப நான் அவருக்கு ரெண்டடி தள்ளி நிக்கிறேன். வாயத் தொறந்தேன். தொறந்தேன்னுதான் நெனைக்கிறேன். அதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு. அவருக்கு எப்படித் தெரியும்னா, அந்த அதிகாரி ஆறு குச்சின்னு படிச்சதும் என் மொகத்தப் பாத்திருக்காரு. அத்தன வருஷம் பக்கத்துல நின்ன மனுஷன், அவருக்கு மொகம் போதும்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன், ஏன்யா அப்படிச் சொன்னீங்கன்னு. புள்ள பெத்துக்கப் போறா, அவளுக்கு இப்ப அம்மா வேணும், அப்பன் இல்லாமச் சமாளிச்சுக்குவா, நீ போய் அவளப் பாத்துக்கன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. நான் போனேனா? போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? அவ என்னையக் கட்டிக்கிட்டு அப்பாவத் திட்டினா நான் என்ன பண்ணுவேன்? அதனால புருஷன் பக்கம் நிக்கிற பொண்டாட்டி மாதிரி நின்னுட்டேன். எல்லாரும் என்னைய எவ்வளவு விசுவாசம்னாங்க. அவரு சும்மா தூக்கிக் குடுத்தத நான் வாங்கி வீணடிச்சேன். ஒம்பது வருஷம் அவ மொறைக்கிறத அவரு வாங்கிக்கிட்டாரு, நான் பக்கத்துல நின்னு கருவாடு கட்டிக் குடுத்தேன்.

அவ வந்திருப்பா தம்பி. ஓடி வந்திருப்பா சாவுக்கு. பேத்தியையும் கூட்டிக்கிட்டு வந்திருப்பா. அத நெனச்சாத்தான் தூங்க முடியல.

கொழந்தைக்காரி போயிட்டாளா? பெல்ஜியம்? அவங்களும் வாங்கிட்டாங்களா? எப்ப? வேற யாரும் இல்லையா இங்க? ஐயா, ஐயா, நீங்க கருவாடு வாங்க வரலையா? சும்மா போறாரு. துணிக்கடைக்காரன் விரிப்பையெல்லாம் மடிக்கிறான் பாருங்க, கொஞ்ச நேரம் தொங்கவிட்டா என்னவாம் இவனுக்கு. தம்பி, ஒரே ஒரு தடவ, முறையெல்லாம் விட்டுட்டு எனக்கு முன்னாடி போறீங்களா? மாட்டீங்க. மாட்டீங்கன்னு தெரியும். நல்லா இருங்க. இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. வெங்காயம் கனமா இருக்கும்.

நான்தாம்மா அடுத்தது. இல்ல, ஒண்ணும் வெட்ட வேணாம். கத்திய வச்சிட்டு என்னையப் பாரு, மிரேயா. உங்கப்பா எதையும் எழுதல.